நாலு பருப்பும் ஒரு கணக்கு நோட்டும்

காபித்தூள் டப்பா எட்டவில்லை. யாரோ உள்ளே தள்ளி வைத்துவிட்டார்கள் என்று டீச்சருக்கு முதலில் கோபம்தான் வந்தது. 2020, ஊரடங்குக் காலம். வீட்டில் அவரும் வீட்டுக்காரரும் மட்டும். அந்த மனிதருக்கு டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்பதே தெரியாது. இருபத்தாறு வருஷமாக அதே அலமாரி, அதே மேல்தட்டு, அதே எவர்சில்வர் டப்பா.

கணக்கு டீச்சர் அல்லவா, அடுத்த காரியம் தானாக நடந்தது. கூடத்துக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, தலைமேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போடச் சொன்னார். தையல் டேப்பை எடுத்து இரண்டு முறை அளந்தார். 148 சென்டிமீட்டர். 2017இல் கீமோ மருந்தின் அளவைக் கணக்குப் போடுவதற்காக ஆஸ்பத்திரியில் உயரமும் எடையும் எடுத்திருந்தார்கள். அந்த ஃபைலில் இருந்த உயரம் 152.

“வயசானா குறுகத்தான் செய்வாங்க,” என்றார் வீட்டுக்காரர். மூன்று வருஷத்தில் நாலு சென்டிமீட்டரா என்று டீச்சர் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர் அது. அந்தத் தெருவில் டீச்சர் என்றால் அவர் ஒருவர்தான்; பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே ஊருக்கு விட்டுப்போயிருந்தது. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்து 2016இல் ஓய்வு பெற்றார். மறு வருஷம் சித்திரையில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. ஆபரேஷன், கீமோ, பிறகு இருபத்தைந்து நாள் ‘கரண்ட்’. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் வழங்கும் பெயர் அதுதான். “உங்களுக்குக் கரண்ட் முடிஞ்சுதா?” என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதைப் புதிதாகப் போகிறவர்கள் கேட்டால் மின்வெட்டைப் பற்றிய பேச்சு என்றே நினைப்பார்கள்.

அந்த வருஷம்தான் டீச்சர் நோட்டு ஒன்றைத் தொடங்கினார். நீள நோட்டு, காக்கி அட்டை, நடுவில் லேபிள். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையையும் தேதிவாரியாகக் கட்டம் கட்டி எழுதினார். ஹீமோகுளோபின், வெள்ளணுக்கள், கிரியேட்டினின், கால்சியம், ஆல்புமின். மாணவிகளின் மதிப்பெண் பதிவேட்டை எழுதிய அதே நீல மசிப் பேனா, அதே சாய்வான 7. அச்சடித்த ரிப்போர்ட்டுகளே ஃபைலில் இருக்கும்போது இது எதற்கு என்று மகள் கேட்டாள். “தனித்தனித் தாளாப் பார்த்தா எதுவும் தெரியாது. வரிசையாப் பார்த்தாத்தான் எண்ணு பேசும்,” என்றார் டீச்சர். அப்போது அது ஒரு வாத்தியார் பேச்சாகத்தான் பட்டது.

2018 ஜனவரியில் லெட்ரோசோல் ஆரம்பித்தார்கள். தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷம்.

அந்த மாத்திரையின் பின்கதை கொஞ்சம் நீளம். மார்பகப் புற்றில் பெரும்பகுதி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைத் தின்று வளர்வது. அந்த ஹார்மோன் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர் முற்றிய மார்பகப் புற்று கண்ட பெண்களுக்குச் சூலகத்தை எடுத்துப் பார்த்தார். கட்டி சுருங்கியதை 1896இல் எழுதியும் வைத்தார். மாதவிலக்கு நின்ற பிறகு சூலகம் ஓய்ந்துவிடும். ஆனால் கொழுப்பிலும் தசையிலும் அரோமட்டேஸ் என்ற நொதி தொடர்ந்து கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைச் சமைத்துக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் அந்த அடுப்பையும் அணைத்துவிடுகின்றன. புற்றுக்குச் சாப்பாடு கிடைக்காது. சிக்கல் என்னவென்றால், அதே ஈஸ்ட்ரோஜன்தான் எலும்புக்கும் காவல். எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி வைப்பது அது. அது போனால் எலும்பு வருஷா வருஷம் மெலியும். பழைய மாத்திரையான டமாக்சிஃபென் இதில் வித்தியாசமான பிறவி. மார்பில் ஈஸ்ட்ரோஜனுக்கு எதிரி, மாதவிலக்கு நின்ற பெண்ணின் எலும்பிலோ அதற்கு நண்பன்.

ஆகவே மாத்திரை தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் −1.9. ஒன்றரை வருஷம் கழித்து −2.6. உலக சுகாதார நிறுவனம் 1994இல் போட்ட கோடு −2.5, அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை. முப்பது வருஷமாகக் குறை எண்ணைக் கண்டு மிரண்ட பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லி வந்தவர், தானே ஒரு குறை எண்ணைப் பார்த்து மிரண்டது அன்றைக்குத்தான்.

எலும்புக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜோலெட்ரோனிக் அமிலம் ஏற்றுவதாக முடிவாயிற்று. அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும். பிடுங்க வேண்டியதை முன்னதாகவே பிடுங்கிவிட வேண்டும். ஒரு கடைவாய்ப் பல் போயிற்று. 2019 ஜூலையில் முதல் டிரிப், கால் மணி நேரம். மறுநாள் அடித்துப் போட்டாற்போல ஜுரம். 2020 ஜனவரியில் இரண்டாவது. மூன்றாவது ஜூலையில் போட வேண்டியது. மார்ச் 25இல் நாடே பூட்டிக்கொண்டதில் அது தவறிப்போனது.

காபித்தூள் டப்பா எட்டாமல் போனது அதன் பிறகுதான். ஆவணியில் குழாயடியில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றியதற்கே வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டோடு ஆறு வாரம் இடது கையால் நோட்டு எழுதினார். அந்தப் பக்கத்தில் மட்டும் எண்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போலக் கோணிக்கொண்டு நிற்கின்றன.

வேறு சங்கடங்களும் இருந்தன. யாரும் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. ராத்திரியில் நாலு தடவை எழுந்து தண்ணீர் குடிப்பார். மலச்சிக்கல். இரண்டு முறை கல்லடைப்பு வந்து வாழைத்தண்டுச் சாற்றிலேயே சமாளித்தார். எதிலும் பிடிப்பில்லாமல் ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பார். வாய்ப்பாடு மறக்காத மனுஷி, அடுப்பில் பால் வைத்ததை மறந்தார். புற்றுநோய் வந்து மீண்ட பெண் சோர்ந்து உட்கார்ந்தால் யாரும் காரணம் தேடுவதில்லை. காரணம் ஏற்கெனவே கையில் இருப்பதாக எல்லாருக்கும் ஒரு நினைப்பு.

நவம்பரில் கால்சியம் 11.9. சாதாரணமாக 8.5இலிருந்து 10.5 வரை இருக்க வேண்டியது.

“கால்சியம் கூடியிருக்கா? நல்லதுதானே அண்ணி! எலும்புக்கு பலம்,” என்றார் நாத்தனார் போனில். கேழ்வரகுக் கூழும் பிரண்டைத் துவையலும் வேலை செய்கின்றன என்பது அவர் கட்சி. படித்தவர்களும் இதையே சொன்னார்கள்.

பழைய வீடுகளில் இருந்த நெற்குதிரைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். உடம்பில் உள்ள கால்சியம் ஏறக்குறைய ஒரு கிலோ. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எலும்பு என்ற குதிருக்குள் கிடக்கிறது. ரத்தத்தில் ஓடுவது அன்றாடச் சமையலுக்கு முறத்தில் எடுத்து வைத்த நெல் மாதிரி. இதயம் துடிக்க, தசை சுருங்க, நரம்பு பேச அது வேண்டும். அளவும் பிசகக் கூடாது. முறத்தில் நெல் கொட்டி வழிகிறது என்றால் வீடு செழிப்பு என்று அர்த்தமாகிவிடாது. குதிரின் அடிவாயில் அடைத்த துணி நழுவியிருக்கலாம்.

அந்த அடிவாய்க்கு நாலு காவல்காரர்கள். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள். ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு, எடை ஐம்பது மில்லிகிராமுக்கு உள்ளேதான். தைராய்டைத் தெரியாத வீடு இன்றைக்கு இல்லை. அதை ஒட்டியே இருக்கும் இந்த நாலு பருப்பைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். பெயரில் ஒற்றுமையே தவிர வேலையில் இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. இவை முதன்முதலில் கண்ணில் பட்டது மனித உடலில்கூட அல்ல. லண்டன் மிருகக்காட்சி சாலையில் செத்துப்போன ஒரு இந்தியக் காண்டாமிருகத்தை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன், தைராய்டோடு ஒட்டிய மஞ்சள் நிறத் துணுக்கு ஒன்றைக் குறித்து வைத்தார். மனிதக் கழுத்தில் அதைத் தேடிப் பிடித்துப் பெயரும் வைத்தவர் ஸ்வீடனின் உப்சாலாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஈவார் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற மாணவர், 1880இல். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இந்த நாலும் பாராதைராய்டு ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லும். கூடினால் வாயை மூடிக்கொள்ளும். நாலில் ஒன்று கெட்டுப் பெருத்துவிட்டால் அதற்கு வாயை மூடத் தெரியாது. எலும்பு கரைந்துகொண்டே இருக்கும், ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகத்தில் கல்லாகச் சேரும். மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பட்டியல் ஒன்று இருக்கிறது: எலும்பு, கல், வயிறு, மனசு. டீச்சருக்கு நாலும் இருந்தன.

ஆனால் ஃபைலின் முதல் பக்கத்தில் ‘மார்பகப் புற்றுநோய்’ என்று இருந்தது.

டிசம்பரில் எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். விலாவில் மூன்று இடம், முதுகில் இரண்டு முள்ளெலும்பு, வலது முழங்காலுக்குக் கீழே முன்கால் எலும்பில் ஒன்று எனக் கறுப்புப் பொட்டுகள். அறையில் டாக்டர் குரலைத் தாழ்த்தி மகளிடம், “எலும்புக்குப் போயிருக்கற மாதிரி தெரியுதும்மா,” என்றார். டீச்சருக்குக் கேட்டுவிட்டது. திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் டீச்சர் கேட்ட முதல் கேள்வி, பேத்தியின் பத்தாம் வகுப்புப் பரீட்சை எப்போது என்பது. மகள் தேதி இன்னும் அறிவிக்கவில்லை என்றாள். “சரி,” என்று உள்ளே போய்விட்டார்.

அந்த டாக்டர் மேல் குற்றம் சொல்ல ஏதுமில்லை. 1889இலேயே ஸ்டீஃபன் பேஜட் என்ற லண்டன் மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசி, இந்த நோய் போய் விழும் இடங்கள் தற்செயல் அல்ல, விதைக்கு ஏற்ற மண் வேண்டும் என்று எழுதினார். எலும்பு அப்படி ஒரு மண். முற்றிய மார்பகப் புற்றில் பத்தில் ஏழு பேருக்கு எலும்பில் பரவுகிறது. கால்சியம் ஏறி, ஸ்கேனில் பொட்டும் தெரிந்தால் எந்தப் புற்றுநோய் மருத்துவரும் முதலில் நினைப்பது அதைத்தான். அவரும் அதோடு நின்றுவிடவில்லை. புற்றுக்குறி ரத்தப் பரிசோதனை சாதாரணமாக இருந்தது அவருக்கு உறுத்தியிருக்கிறது. திருச்சியில் ஒரு ஹார்மோன் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஹார்மோன் டாக்டர் என்றால் ஊர்ப் பேச்சில் சுகர் டாக்டர். “எனக்குத்தான் சுகர் இல்லையே, சுகர் டாக்டர் எதுக்கு?” என்று டீச்சர் வர மறுத்தார். மகள் ஏறக்குறைய தூக்கிக்கொண்டு போனாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும் அந்தப் பெண் டாக்டருக்கு. ஸ்கேன் கவரை நீட்டியதும் வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, டீச்சரின் மடியில் இருந்த காக்கி நோட்டைப் பார்த்து, “அது என்னம்மா?” என்றார். பிறகு பத்து நிமிஷம் அறையில் பேச்சில்லை. கால்சியம் கட்டத்தில் மட்டும் விரல் மேலிருந்து கீழே இறங்கியது.

2018 பிப்ரவரி 10.3. 2019 ஜூன் 10.8. செப்டம்பர் 9.6. டிசம்பர் 10.7. 2020 மார்ச் 9.8. நவம்பர் 11.9.

“ரம்பப் பல் மாதிரி இருக்கு இல்ல?” என்றார் டாக்டர்.

“டிரிப் போட்டப்பல்லாம் இறங்கியிருக்கு,” என்றார் டீச்சர். அவர் அதை முன்பே பார்த்துவிட்டிருந்தார். சொல்வதற்கு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதுதான் முதல் துப்பு. ஜோலெட்ரோனிக் அமிலம் எலும்பு கரைவதை நிறுத்தும். அதனால் ரத்தத்தில் கால்சியம் சில வாரங்களோ மாதங்களோ இறங்கி நிற்கும். எலும்புப்புரைக்காகப் போட்ட மருந்து, அடியில் இருந்த இன்னொரு நோயை ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள் மூடி வைத்திருந்தது. மார்பகப் புற்றுக்காரர்களிடம் இது நடக்கக்கூடியதே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப். அதற்குப் பிறகு எடுக்கும் ரத்தத்தில் எல்லாம் சரி. ஊரடங்கில் ஒரு டிரிப் தவறாமல் இருந்திருந்தால் விஷயம் இன்னும் கொஞ்ச காலம் ஒளிந்தே இருந்திருக்கும்.

இரண்டாவது துப்பு ஸ்கேனில் இருந்தது. மார்பகப் புற்று எலும்புக்குப் போனால் முதுகு, இடுப்பு, விலா, தொடையின் மேல்பகுதி என்று போகும். முழங்காலுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். “இந்தக் கால் பொட்டு எனக்குப் பிடிக்கலைம்மா,” என்றார் டாக்டர். மூன்றாவது, உடைந்த மணிக்கட்டு. பாராதைராய்டு ஹார்மோன் அதிகமாக அரிப்பது எலும்பின் கெட்டியான வெளி ஓட்டை. அந்த ஓடு மிகுந்திருக்கும் இடம் முன்கை. வழக்கமான டெக்ஸாவில் இடுப்பையும் முதுகையும் மட்டுமே எடுப்பார்கள், கையை விட்டுவிடுவார்கள். அன்று கையை எடுத்தார்கள். −3.8.

ஒரு டியூப் ரத்தம் போதுமாக இருந்தது. புற்றுநோயால் கால்சியம் ஏறினால், நல்ல நிலையில் இருக்கும் பாராதைராய்டுகள் அதைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும். அவற்றின் ஹார்மோன் தரைமட்டத்தில் இருக்கும். கால்சியம் ஏறியும் ஹார்மோன் இறங்கவில்லை என்றால் திருடன் கழுத்திலேயே இருக்கிறான். ரிப்போர்ட்டில் அது ‘சாதாரணம்’ என்ற வரம்புக்குள் இருந்தால்கூட, அந்த இடத்தில் அது சாதாரணம் அல்ல. டீச்சருக்கு வந்தது 312. வரம்பு 15 முதல் 65 வரை. வைட்டமின் டி வெறும் 9.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் போக முடியாது. சில புற்றுக்கட்டிகள் எலும்பில் பரவாமலேயே கால்சியத்தை ஏற்றிவிடும். பாராதைராய்டு ஹார்மோனைப் போல வேஷம் போடும் ஒரு புரதத்தை அவை சுரக்கின்றன. கட்டிகள் இப்படி ஏதோ செய்கின்றன என்று ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1941இலேயே ஊகித்தார். அந்தப் புரதம் கையில் சிக்கியது 1987இல், மெல்போர்ன் ஆய்வாளர்கள் உள்ளிட்டோரின் உழைப்பில். பிறகுதான் தெரிந்தது, அது புற்றின் சொந்தச் சரக்கே இல்லை என்பது. பால் கொடுக்கும் தாயின் மார்பு தினமும் சுரப்பது அது. குழந்தைக்குப் பாலில் கால்சியம் வேண்டும். மார்பு இந்தப் புரதத்தை ரத்தத்தில் அனுப்பி அம்மாவின் எலும்பிலிருந்து வாங்கிக்கொள்கிறது. பால் மறந்த பிறகு எலும்பு பழையபடி நிரம்பிவிடும். மார்புக்கும் எலும்புக்கும் நடுவே எப்போதோ வெட்டிய வாய்க்கால் அது. புற்று அதில் தன் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொள்கிறது. டீச்சர் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றரை வயது வரை பால் கொடுத்தவர். இதைக் கேட்டபோதுதான் அன்றைக்கு முதல்முறையாக முகம் இளகியது. “அப்பவே கணக்கு எழுதியிருக்கணும், திருப்பிக் கேட்டிருக்கலாம்,” என்றார் மகளைப் பார்த்து.

ஆனாலும் ஐயம் தீர வேண்டும். ஒரே உடம்பில் இரண்டு நோயும் இருக்கலாம். இரண்டுமே மாதவிலக்கு நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுபவைதான். முன்கால் எலும்பில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்தார்கள். ஐந்து நாள் காத்திருப்பு. அந்த ஐந்து நாளில் நோட்டில் ஒன்றும் எழுதப்படவில்லை. பிறகு வந்தது: புற்றுச் செல்கள் இல்லை, எலும்பைக் கரைக்கும் ராட்சதச் செல்களும் பழைய ரத்தக் கசிவும். ‘பிரவுன் டியூமர்’ என்று பெயர். டியூமர் என்ற சொல்லைக் கேட்டு வீட்டுக்காரர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். பெயர்தான் அப்படி, பழுப்பு நிறத்தில் எலும்பு அரித்துப்போன இடம் அது, சுரப்பியை எடுத்தால் தானே ஆறும் என்று விளங்க வைக்க அரை மணி நேரம் ஆயிற்று. விலாவில் தெரிந்தவை அவர் அறியாமலே விழுந்து ஆறிய கீறல்கள். முதுகில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன. காணாமல் போன நாலு சென்டிமீட்டர் அங்கே கிடைத்தது.

அந்த டாக்டர் ஒருநாள் சொன்ன கதை டீச்சருக்கு மிகவும் பிடித்துப்போனது. சார்லஸ் மார்ட்டெல் என்று ஒரு அமெரிக்கக் கப்பல் கேப்டன். ஆறடிக்கு மேல் இருந்த ஆள், எலும்பு உருகி உருகிப் பதினெட்டு சென்டிமீட்டர் குட்டையாகிப்போனார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையும் மற்றவர்களும் அவர் கழுத்தைத் திரும்பத் திரும்ப அறுத்துத் தேடினார்கள். கெட்ட சுரப்பி கிடைக்கவில்லை. கேப்டன் தானே நூலகத்தில் உட்கார்ந்து உடற்கூறு படித்துவிட்டு, நெஞ்சுக்குள் தேடுங்கள் என்று வற்புறுத்தினார். 1932இல், ஏழாவது அறுவையில், நெஞ்சுக்குள்ளேதான் இருந்தது. நோட்டுப் போட்டுப் படித்த நோயாளி! ஆனால் முடிவு நல்லதில்லை. சில வாரங்களில் சிறுநீரகக் கல் அடைத்ததால் வந்த சிக்கலில் இறந்துபோனார். டாக்டர் அதை மறைக்கவில்லை. டீச்சரும் மறைக்கச் சொல்லவில்லை.

நல்லவேளை, இப்போது ஆறு முறை அறுத்துத் தேட வேண்டியதில்லை. செஸ்டமிபி என்ற, இதயத்தைப் படம் பிடிப்பதற்காக வந்த கதிரியக்க மருந்தைச் செலுத்தினால் பெருத்த பாராதைராய்டு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு படத்தில் மினுங்கும். டீச்சருக்கு இடது பக்கம், கீழே. வைட்டமின் டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றி, 2021 பிப்ரவரியில் ஆபரேஷன். கொரோனாவின் இரண்டாம் அலைக்கு முன்னால் கிடைத்த சின்ன இடைவெளி அது.

ஆபரேஷனில் ஒரு காத்திருப்பு உண்டு. பாராதைராய்டு ஹார்மோனின் ஆயுள் ரத்தத்தில் சில நிமிஷங்கள்தான். கெட்டதை எடுத்த பத்தாவது நிமிஷம் ரத்தம் எடுத்து லேபுக்கு ஓட்டுவார்கள். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் வேலை முடிந்தது, இல்லையென்றால் இன்னொரு திருடனைத் தேட வேண்டும். முடிவு வரும்வரை கழுத்தைத் தைக்காமல் காத்திருப்பார்கள். வெளியே மகள், லேபிலிருந்து யார் வந்தாலும் எழுந்து நின்றாள். 296 இருந்தது 41 ஆயிற்று. பிறகு அறுவை மருத்துவர் ஒரு சின்ன எஃகுத் தட்டோடு வெளியே வந்து காட்டினார். கரைத்துப் பிழிந்த புளிச்சக்கை நிறத்தில், முற்றிய சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. 1.8 கிராம். துவரம்பருப்பாக இருந்திருக்க வேண்டியது.

“இதுவா?” என்று கேட்டாள் மகள். இரண்டு வருஷத்து ஊஞ்சல் மௌனத்துக்கும், கல்லடைப்புக்கும், டிசம்பர் மாதத்துக் கார் பயணத்துக்கும் அவள் இன்னும் பெரிதாக எதையோ எதிர்பார்த்திருந்தாள்.

இரண்டாம் நாள் ராத்திரி டீச்சருக்கு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. விரல்கள் மரத்து, கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. கால்சியம் 7.1. இதற்கு மருத்துவத்தில் பசித்த எலும்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. வருஷக்கணக்கில் பறிகொடுத்த எலும்பு, காவல் மாறியதும் ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தை எல்லாம் வாரிச் சுருட்டிக்கொள்கிறது. மிச்சமிருக்கும் மூன்று சுரப்பிகளோ, பெரியவன் இருந்தவரை வேலையே இல்லாமல் தூங்கிக் கிடந்தவை, எழுந்திருக்க நாளாகும். இதயத் துடிப்பை மானிட்டரில் பார்த்தபடி கால்சியம் குளுகோனேட்டை மெதுவாக ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நாளைக்கு ஒன்பது கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி கேப்சூல் தனி. கால்சியம் கூடாது என்று பாலையும் மோரையும் ஒதுக்கி வைத்திருந்த வீட்டில் கைநிறைய மாத்திரை. “ஆயுசு பூரா சாக்பீஸ் தூளை மூக்கில இழுத்தேன், அதில ஒட்டலையா?” என்று கேட்டார் டீச்சர். நம் பள்ளிக்கூடச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். அதிலும் இருப்பது கால்சியம்தான். மூக்கு வழியாகப் போனால் எலும்புக்குக் கிடைக்காது என்பதுதான் சோகம்.

தாகம் முதலில் போனது. பிறகு மலச்சிக்கல். மூன்றாம் மாதத்தில் ஒருநாள், பேத்தியின் சமன்பாடு ஒன்றை ஊஞ்சலில் இருந்தபடியே வாயால் போட்டுச் சொல்லிவிட்டு, “என்ன பாக்கற?” என்று அதட்டினார். வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைக்காததுதான் குறை.

லெட்ரோசோல் தொடர்ந்தது, அதற்கும் கழுத்துச் சுரப்பிக்கும் சம்பந்தமில்லை. எலும்பு மருந்தை மறுபடி தொடங்குவதை டாக்டர் ஒரு வருஷம் தள்ளிப்போட்டார், எலும்பு தானாகத் தேறுவதைப் பார்க்க. 2022இல் முதுகெலும்பு −2.9இலிருந்து −2.5 ஆனது. கை மட்டும் சோம்பேறி, −3.6. முன்கால் பொட்டு எக்ஸ்ரேயில் வெள்ளையாகக் கெட்டித்துப்போயிருந்தது. 2023 ஜனவரியில் ஐந்து வருஷ மாத்திரை முடிந்தது. நோட்டில் கால்சியம் கட்டத்துக்குப் பக்கத்தில் பாராதைராய்டு ஹார்மோனுக்கு ஒரு கட்டம் புதிதாக முளைத்தது. 9.2, 44. 9.4, 39. 9.3, 47. பார்க்கப் பார்க்க அலுப்புத் தட்டும் எண்கள்.

கதவு நிலையில் பென்சில் கோடு இன்னும் இருக்கிறது. நசுங்கிய முள்ளெலும்பு நிமிராது. வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லி, அளந்து பார்க்கிறார். 148. ஸ்டூல் போட்டு ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால், ஸ்டூலை மகள் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காபித்தூள் டப்பா இப்போது இரண்டாம் தட்டில். மேல்தட்டுக்கு வீட்டுக்காரரின் மூக்குப்பொடி டப்பா குடிபோயிருக்கிறது. டீச்சர் கைக்கு எட்டாத இடம் வீட்டில் ஒன்று கிடைத்ததில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.